சம்பந்தியின் தோளில் சொட்டிய தண்ணீர்

பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இன்ஜின் ஏன் இருமுகிறது என்பதை இனி நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வயரைச் சொருகினால் திரையில் ஒரு எண் வரும். எண்ணைத் தேடினால் காரணம் வரும். அதை வாடிக்கையாளரிடம் படித்துக் காட்டும்போது முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டால் போதும், நீங்கள் நிபுணர்.

கெட்ட செய்தி என்னவென்றால், வண்டிக்குள் தண்ணீர் வந்தால் எந்த எண்ணும் வராது. நனைந்த கார்பெட் எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசாது. அன்றைக்குத்தான் உங்களுக்கு வேலை இருக்கும்.

நான் டிப்ளமோ படித்தவன். கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்புகள் அனைத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். ஒழுகல் கண்டுபிடிக்கும் நடைமுறையை வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். யாரும் கேட்காதபோதும் ஒப்பிப்பேன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் ஈரம் என்று வந்தார்கள். பின் கண்ணாடியைக் கழற்றி, ரப்பரை மாற்றி, இரண்டு டியூப் சீலண்ட் பூசி மறுபடி மாட்டினேன். திருத்தணி மலைக்குப் போய்வந்தவர்கள் வைத்த தீர்த்தச் சொம்பு ஒன்று, மூடி சரியில்லாமல், சீட்டுக்கடியில் படுத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. என் சீலண்ட் வேலை அருமை. அந்தக் கண்ணாடி அதற்குப் பிறகு ஒருநாளும் ஒழுகவில்லை. அதற்கு முன்பும் ஒழுகவில்லை என்பது வேறு விஷயம்.

அது சிறு பிழை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் செய்தது பெரும் பிழை. ஒரே ஒரு வாக்கியத்தால் ஒரு புதுக் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட உடைத்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

ஐப்பசி மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். காலையில் பணிமனை திறந்ததும் வெள்ளை நிறக் கார் ஒன்று வந்தது. கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைத்த வண்டி. சன்ரூஃப் என்கிறோமே, அது. ஓட்டி வந்த இளைஞன் பெயர் பாலாஜி. பக்கத்தில் அவன் அப்பா நாராயணசாமி, பள்ளிப்பட்டுப் பக்கம் நிலபுலன் உள்ளவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பிரேக் அடித்தபோது வண்டிக்குள் எங்கேயோ தண்ணீர் ‘களக்’ என்று குலுங்கியது எனக்கு வெளியிலிருந்தே கேட்டது.

“கேட்டுச்சா சார்?” என்றார் நாராயணசாமி. “இது காரா, கொடமா? எங்க வீட்டம்மா பின்னால உக்காந்து கால வெச்சா, பட்டுப் பொடவ முழங்கால் மட்டும் நனஞ்சி போச்சி.”

“நைனா, முழங்கால் இல்ல, கரை மட்டுந்தான்” என்றான் பாலாஜி.

“நீ கம்முனு இரு. மாமனார் வூட்டுக்கு வக்கீல் வேல பாக்காத.”

சிறிது நேரத்தில் ஒரு டூவீலர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முனுசாமி, அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். பின்னால் அவர் மகள் தீபா. அவள்தான் பாலாஜியின் மனைவி. ஆவணியில் இதே திருத்தணி மலையில் தாலி கட்டி, அடிவாரத்து மண்டபத்தில் சாப்பாடு போட்ட கல்யாணம். அந்தக் காரை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவர் முனுசாமி. சென்னையில் ஒருவரிடமிருந்து வாங்கிய, இரண்டு வருடம் ஓடிய வண்டி. அங்கேதான் சிக்கல். சென்னை வண்டி, உள்ளே தண்ணீர். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துச் சம்பந்தி தன் தலையில் கட்டிவிட்டார் என்பது நாராயணசாமியின் வழக்கு. விஷயம் தெரியும்வரை பெண் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். தீபா அம்மையார்குப்பம் போய் அன்றோடு ஒன்பது நாள்.

இதில் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்தது கார்பெட்டை மட்டும்தான்.

இடது முன் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கினேன். கீழே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதன் ஓரத்தில் காய்ந்த வண்டல், வெளிர் மஞ்சளும் சாம்பலுமாக, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. சீட் போல்ட்டில் துரு. புளித்த வாடை. நாலு பேர் என்னைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். நாலு பேர் குனிந்து நிற்கும்போது படித்தவன் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஒரு நோய் இருக்கிறது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

“வெள்ளத்துல நின்ன வண்டி மாதிரி தெரியுது” என்றேன்.

நாராயணசாமி நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்த ஒளியை நான் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

“கேட்டுக்கினியா சம்மந்தி? நான் சொன்னா பொறாமைன்ன. இப்ப படிச்சவரு சொல்றாரு. சார், இதையே ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வெச்சிக் குடுங்க. ஊர்ல பெரிய மனுசங்க நாலு பேர வெச்சிப் பேசணும்.”

முனுசாமி காய்ந்த வண்டலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “எழுதிடுவீங்களா சார்?” என்று கேட்டார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் மீதே சந்தேகம் வந்துவிட்ட மனிதரின் கேள்வி அது. நல்ல வண்டியைத்தான் வாங்கினோமா, இல்லை நாம்தான் ஏமாந்துபோய் மகளின் வாழ்க்கையில் தண்ணீர் ஊற்றினோமா என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. என் ஒரு வாக்கியத்தில்.

தீபாதான் பேசினாள். “மாமா, வண்டி மெட்ராஸ்ல நீஞ்சிக்கினு இருந்தத நீங்க கரையில நின்னு பாத்தீங்களா?”

“பாத்தியாடா பாலாஜி, வாய?”

“நைனா, அவ கேக்கறது...”

“ஆங், நீயும் நீஞ்சு.”

இளம் நண்பர்களே, ‘மாதிரி தெரியுது’ என்பது நம் தொழிலில் மிக ஆபத்தான சொல். நமக்கு அது பாதி அபிப்பிராயம். கேட்பவருக்கு முழுத் தீர்ப்பு. ‘மாதிரி’யைக் கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, நம் பணிமனைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்.

“எழுதறதுக்கு முன்னால பரிசோதனை முடிக்கணும். நடைமுறை அது” என்று சொல்லி நேரம் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் முறையாக நடைமுறை எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகப் பயன்பட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டி எவ்வளவு கழுவினாலும் சில இடங்களில் உண்மையைச் சொல்லிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலைகளில் மண் இருக்கும். டேஷ்போர்டுக்கு உள்ளே, கை எட்டாத கம்பிகளின் மேல் மெல்லிய புழுதிப் படலம் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தேன். சீட் பெல்ட் கல்யாணப் பத்திரிகை போல் சுத்தம். ஸ்டெப்னிக் குழி காய்ந்து கிடந்தது. கம்பிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்தன. ஒரே இடத்தில் மட்டும், இடது கார்பெட்டுக்குக் கீழே மட்டும், ஒரு வெள்ளம் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தது. வெள்ளம் அவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளாது. துருவும் எனக்கு எதிராகத் திரும்பியது. புது போல்ட்டில் துரு பிடிக்கப் பத்து நாள் ஈரம் போதும் என்று வருடா வருடம் வகுப்பு எடுத்தவன் நானேதான்.

ஆகவே தண்ணீர் இப்போதுதான் வருகிறது. எங்கிருந்து? கதவு ரப்பர்களின் மேல் விபூதி தூவினேன். புத்தகத்தில் சாக்பீஸ் பொடி என்று போட்டிருக்கும். திருத்தணியில் சாக்பீஸ் வாங்கக் கடைக்குப் போக வேண்டும், விபூதி எல்லோர் பையிலும் இருக்கும். தண்ணீர் புகுந்தால் விபூதியில் கோடு விழும். வண்டியை ஷவருக்கு அடியில் நிறுத்தி ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டோம். விபூதி அழியவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சன்ரூஃப்பைத் திறந்தீர்களா என்று கேட்டேன். “ஒரு நாளும் தெறக்கல சார். வெயில்லயும் மழையிலயும் எவன் தெறப்பான்?” என்றார் நாராயணசாமி. பாலாஜியும் தலையாட்டினான். மூடியே இருக்கும் கண்ணாடியில் என்ன கோளாறு வரப் போகிறது என்று அதை வரிசையிலிருந்து அடித்துவிட்டேன்.

நாராயணசாமி இதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். “மேல இருந்து வரல. அப்ப கீழ இருந்துதான வந்திருக்கணும்? வெள்ளம்னா கீழ இருந்துதான் வரும். சின்னப் புள்ளைக்குத் தெரியும் சார் இது.”

சான்றிதழ்கள் எல்லாம் அலுவலகச் சுவரிலிருந்து என்னையே பார்ப்பது போலிருந்தது.

தீபா அப்போது கார்பெட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டலைக் கிள்ளி மோந்து பார்த்தாள். இன்னொரு முறை மோந்தாள். “அப்பா, இங்க வா. இத மோந்து பாரு.”

முனுசாமி தயங்கித் தயங்கிக் குனிந்தார். மோந்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக, என்று பிறகு தீபா சொன்னாள், அவர் முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது.

“கஞ்சி” என்றார்.

“என்னது?” என்றேன்.

“கஞ்சிங்க சார். தறியில ஏத்தறதுக்கு முன்னால பாவு நூலுக்குப் போடுவோமே, அந்தக் கஞ்சி. புளிச்சிப் போச்சின்னா இப்படித்தான் வாடை வரும். காஞ்சா இப்படித்தான் பொறுக்கு கட்டும். இதுல பொறந்து இதுல வளந்தவங்க நாங்க. சேத்துக்கும் கஞ்சிக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?”

நாராயணசாமி சிரித்ததில் டீ சிந்தியது. “பேஷ்! மெட்ராஸ்ல வெள்ளமா வந்திச்சி, கஞ்சியா வந்திச்சி? ஆடி மாசம் ஊத்தினாங்களா?”

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடத்து வேதியியல் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து இருந்தது. ஒரு சொட்டு பணிமனைச் சேற்றின் மேல் விட்டேன். பழுப்பாகவே இருந்தது. இன்னொரு சொட்டு வண்டலின் மேல் விட்டேன். நாலு தலைகளும் முட்டிக்கொண்டு குனிந்தன.

பழுப்பு கருநீலமானது. மை கொட்டியது போல.

“மாவுச்சத்து. சேறு நிறம் மாறாது, அரிசி மாறும். இது கஞ்சிதான்” என்றேன்.

“அய்ய!” என்று தீபா கைதட்டினாள். “சார், இன்னொரு சொட்டு விடுங்க சார்!”

விட்டேன். தேவையே இல்லை. ஆனால் எனக்கும் ஆசையாக இருந்தது. மருந்துப் பாட்டிலை வாங்கி பாலாஜி ஒரு சொட்டு விட்டான். முனுசாமி ஒரு சொட்டு விட்டார். கார்பெட்டின் கீழ் நாலைந்து நீலப் பொட்டுகள். காயத்துக்கு மருந்து தீர்ந்துவிடும் என்று நான் பாட்டிலைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

கஞ்சி என்றால் அரிசி எங்கேயோ ஊறுகிறது. ஊறிய தண்ணீர் வழிகிறது. ஆனால் என் ஷவரில் மட்டும் வழிய மாட்டேன் என்கிறது. அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“வீட்டுல வண்டி எப்படி நிக்குது?”

“போர்ட்டிகோவுல சார்” என்றான் பாலாஜி. “ரிவர்ஸ்ல ஏத்திடுவேன். மூக்கு ரோட்டப் பாத்து நிக்கும், முன்பாதி மழையிலதான்.”

“தரை மட்டமா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். “நைனா மேஸ்திரி வேணாம்னு தானே நின்னு சிமெண்ட்டு ஊத்தினாரு. ஸ்கூட்டர நிறுத்திட்டு உள்ள போய் தண்ணி குடிச்சிட்டு வந்தா, ஸ்கூட்டர் ரோட்டுல நிக்கும்.”

“மழத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு ஊத்தினேன்டா!”

எங்கள் பணிமனைத் தரை கம்பெனி விதிப்படி துல்லியமாக மட்டமானது. அது குறித்து எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையின் மேல்தான் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் தண்ணீரை வீணாக்கியிருந்தேன். வாடிக்கையாளரின் வண்டி ஒழுகுவது வாடிக்கையாளரின் வீட்டில். நம் வீட்டில் அது ஒழுக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அராஜகம்.

மலையடிவாரத்தில் சரிவுக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சந்து இறங்குகிறது. அங்கே வண்டியைக் கொண்டுபோய், மூக்கு கீழே இருக்கும்படி, ஈரம் இடது பக்கம் என்பதால் இடது சக்கரம் சாக்கடையோரத் தாழ்வில் இருக்கும்படி நிறுத்தினோம். தெருக்குழாயிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர். ஊற்றுவதற்கு முனுசாமியும் பாலாஜியும். உள்ளே டார்ச்சோடு பின் சீட்டில் தீபா.

“நானும் உள்ள குந்துவேன்” என்றார் நாராயணசாமி. “சாட்சி வேணும். அப்பனும் பொண்ணும் சேந்து உள்ள ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டா நான் எங்க போய் முட்டிக்கறது?” என்று இடது முன் சீட்டில், போல்ட் மாட்டாமல் சும்மா வைத்திருந்த சீட்டில், வேட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு அமர்ந்தார். அந்த இடத்தில் உட்கார வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். நடைமுறைப் புத்தகத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

அன்று கிருத்திகை. மலைக்குப் போகும் கூட்டம் அந்தச் சந்து வழியாகவும் வந்துகொண்டிருந்தது. ஒரு கார் சாய்ந்து நிற்கிறது, இரண்டு பேர் அதன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

“புது வண்டியாங்க?” என்று பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார்.

“இல்லம்மா, பழைய வண்டி.”

“பழைய வண்டிக்கு அபிஷேகமா? அடேயப்பா, இன்னா வேண்டுதலோ!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார். அவர் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் “அரோகரா!” என்றார். பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள். காவி வேட்டி கட்டிய ஒருவர் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பயபக்தியோடு கூரையில் ஊற்றினார்.

உள்ளேயிருந்து நாராயணசாமியின் குரல்: “ஒரு சொட்டு இல்ல! நான் சொல்லல? மேல இருந்து வந்தா வரணுமில்ல?”

நாலாவது குடம். ஐந்தாவது. இதிலும் வராவிட்டால் அந்தக் காகிதத்தை எழுதாமல் தப்ப முடியாது.

ஆறாவது குடம் பாதி காலியானபோது உள்ளே ஒரு சத்தம்.

“டேய்... டேய் பாலாஜி, ஊத்தாத! ஊத்தாதடா!”

“ஊத்துங்க!” என்று கத்தினாள் தீபா. “நல்லா ஊத்துங்க! மாமா மேல வருது! தோள் மேல வருது! அப்பா, நிறுத்தாத, கழுத்துல எறங்குது!”

முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூணின் உச்சியில், கூரைத் துணியின் விளிம்பிலிருந்து, வெளிர் மஞ்சள் நிறத் தண்ணீர் நாராயணசாமியின் வெள்ளைச் சட்டைத் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. மீதி தூண் வழியாகக் காலடிக்கு ஓடியது. வண்டிக்குள் தண்ணீர் வருவதைக் கண்டு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முனுசாமி குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். தீபா வெளியே குதித்துப் புருஷனின் கையைப் பிடித்துச் சுற்றினாள். என்ன ஏது என்று தெரியாத கூட்டம், வேண்டுதல் பலித்துவிட்டது என்று எண்ணி, இன்னொரு “அரோகரா!” போட்டது. நானும் போட்டேன். பணி நேரத்தில் அப்படிச் செய்யலாமா என்று புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

பணிமனைக்குத் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் ஒருவர் காற்றுக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சன்ரூஃப்பைச் சுற்றி ஒரு கால்வாய் உண்டு. மூடியிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் அதில் இறங்கும், இறங்க வேண்டும். நாலு மூலையிலும் மெல்லிய குழாய்கள் அதை வண்டிக்கு வெளியே கொண்டுபோய் விடும். மட்டமான தரையில் மற்ற குழாய்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டதால் எங்கள் ஷவரில் எதுவும் தெரியவில்லை. மூக்கும் இடப்பக்கமும் தாழ்ந்தபோது எல்லாத் தண்ணீரும் ஒரே மூலைக்கு ஓடியது. அந்த மூலை அடைபட்டிருந்தது.

“ஒரே அடி சார், பிச்சிக்கினு போயிடும்” என்றார் மெக்கானிக்.

“அடிங்க, அடிங்க” என்றார் நாராயணசாமி, தோளில் துண்டோடு.

“கூடாது” என்றேன். வேகக் காற்று அடித்தால் குழாயின் கீழ்முனை கழன்று, தண்ணீர் உள்ளேயே கொட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அடைப்பு காற்றில் பறந்துவிட்டால் ‘அங்கே ஏதோ இருந்தது’ என்று நான் சொல்வதை மட்டுமே இவர்கள் நம்ப வேண்டியிருக்கும். என் சொல்லின் லட்சணம் காலையிலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும்.

சன்ரூஃப்பைத் திறந்தேன். மூலையில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, இடுக்கியால் மெதுவாக எடுத்தேன். குழாய்க்குள் இருந்ததைப் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றால் கீழே தள்ளினேன். தட்டில் வந்து விழுந்தவை: குழைந்து ஊறிய மஞ்சள் அரிசி, ஒரு பிடி. கறுத்துப்போன ரோஜா இதழ்கள். ஒரு துண்டு ஜிகினாக் காகிதம்.

பாலாஜி போனை எடுத்து எதையோ தேடினான். பிறகு எல்லோரும் பார்க்கும்படி நீட்டினான். கல்யாண வீடியோ. மலையிலிருந்து இறங்கி வந்த கார் மண்டபத்து வாசலில் நிற்கிறது. சன்ரூஃப்பைத் திறந்துகொண்டு மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நிற்கிறார்கள். எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். முனுசாமி ஒரு கை அரிசியைக் கூச்சத்தோடு தூவுகிறார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல், இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நாராயணசாமி. ஒரு கை போடுகிறார். இரண்டு கை போடுகிறார். பிறகு உற்சாகம் தாங்காமல் அட்சதைத் தட்டையே தூக்கி அவர்கள் தலையில் கவிழ்க்கிறார்.

“ஒரு நாளும் தெறக்கலன்னீங்களே மாமா” என்றாள் தீபா.

“அது... அது கல்யாணம்மா. தெறந்ததுன்னு அத எப்படிக் கணக்குல சேக்கறது?”

அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணத்தன்று வண்டிக்கு எதுவும் நடந்ததாக யாருக்கும் தோன்றாது; மனிதர்களுக்குத்தான் நடந்தது. அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிவிட்டேன். ‘சன்ரூஃப்பைத் திறந்தீர்களா’ என்று அப்புறம் கேட்டதில்லை. ‘இந்த வண்டியில் கடைசியாக என்ன விசேஷம் நடந்தது’ என்றே கேட்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். பாதி ஒழுகல் அங்கேயே வெளியே வந்துவிடும்.

நாராயணசாமி தட்டிலிருந்த அரிசியை விரலால் கிளறிப் பார்த்தார். காலையிலிருந்த குரலைக் காணோம்.

“சம்மந்தி, நீ ஒரு கைதான் போட்ட. நான் தட்டையே கவுத்துட்டு, பழிய உன் தலையில கவுத்தேன்.”

முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “எம் பொண்ணு நல்லா இருக்கணும்னுதான கவுத்தீங்க. போங்க சம்மந்தி, சட்டைய மாத்துங்க, கஞ்சி போட்ட மாதிரி வெறைச்சிக்கும்.”

என் பங்கு பாக்கி இருந்தது. காலையில் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அதே சத்தத்தில், அதே இடத்தில் நின்று, மெக்கானிக்குகள் எல்லோரும் கேட்க, “காலைல நான் சொன்னது தப்பு. இது வெள்ளத்துல நின்ன வண்டி இல்ல. முனுசாமி வாங்கினது நல்ல வண்டி” என்றேன். ஜாப் கார்டில் காரணம் எழுதும் கட்டத்தில் ‘அட்சதை அடைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீலும் வைத்தேன். கேட்டவர் அவர்தானே. நாராயணசாமி அதை வாங்கி நாலாக மடித்து இரண்டு பேனாக்களுக்குப் பின்னால் பையில் வைத்துக்கொண்டார். “அந்த நாலு பெரிய மனுசங்களுக்குக் காட்டணும்” என்றார். பிறகு காரின் முன் கதவைத் திறந்து, “ஏறும்மா, வூட்டுக்குப் போலாம். நான் பின்னால போறேன். எனக்கு முன் சீட்டு ஒத்துக்கல” என்றார்.

மலைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊருக்கு என்று கிளம்பினார்கள். முனுசாமி டூவீலரில் பின்னால் போனார். கிளம்பும் முன் இரண்டு விஷயம் சொன்னேன்: போர்ட்டிகோவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்துங்கள், மழைக்காலம் முழுக்க சன்ரூஃப்பைத் திறக்காதீர்கள். “ஆங், ஆங்” என்று நாலு பேரும் தலையாட்டினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி எங்கள் வாசல் வழியாக இறங்கி வந்தது. மழை விட்டு நல்ல வெயில். சன்ரூஃப் அகலத் திறந்திருந்தது. அதில் தீபா நின்றுகொண்டிருந்தாள், காற்றில் கூந்தல் பறக்க. பக்கத்து மண்டபத்தில் வேறொரு கல்யாணக் கூட்டம் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது. கையில் எல்லோரிடமும் அட்சதை. திறந்த காரில் பொட்டும் பூவுமாக ஒரு பெண் நிற்பதைக் கண்டதும் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

“மூடு! மூடு!” என்று கத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் ஆட்டியபடி, அந்த வயதில் தெருவில் ஓடினேன். பின் ஜன்னலிலிருந்து நாராயணசாமி தலையை நீட்டினார். நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, அவரும் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

அன்று மாலை கருவிகளை எல்லாம் எடுத்து வைத்தபோது, நைலான் கயிற்றை மட்டும் பெட்டிக்குள் போடவில்லை. மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனேன்.